மலையூரில் ஒரு வார்டு பூங்காவைப் புதுப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பூங்காவுக்கா பஞ்சம் என்றுதான் கீழேயிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் மெக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் கையில் உருவாகத் தொடங்கியது. குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் வந்தது, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா 1908-ல். மூன்றும் அருமையான இடங்கள். ஆனால் மே மாதத்தில் மலர்க் கண்காட்சியும் பழக் கண்காட்சியும் நடக்கும்போது, தெருக்கோடியில் இருக்கும் பாட்டியோ பள்ளி விட்டு வரும் பிள்ளையோ அந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார முடியாது. அவர்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டு ஊஞ்சல், நாலு பெஞ்சு, வழுக்காத ஒரு நடைபாதை.

அப்படிப்பட்ட சின்னப் பூங்காக்கள் மலையூர்களில் நிறையவே உண்டு. பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும், அல்லது கேட் உடைந்து உண்ணிச்செடி மண்டியிருக்கும். புதுப்பித்தவையும் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பழையபடி ஆகிவிடுவதைப் பார்க்கிறோம். அதற்கு முக்கியக் காரணம் வேலையின் வரிசை தலைகீழாக இருப்பதுதான். முதலில் ஊஞ்சலும் பெயர்ப்பலகையும் வருகின்றன, வடிகால் கடைசியில் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. கீழே சமவெளியில் அது எடுபடலாம். சரிவான நிலத்தில் தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும்.

உங்கள் வார்டிலோ ஹட்டியிலோ (படுகர் சிற்றூர்) ஒரு பூங்காவை மீட்டெடுக்க நினைக்கிறீர்கள் என்றால், இந்த வரிசையில் போங்கள்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

"அது பார்க் இடம்தான், எல்லாருக்கும் தெரியும்" என்பது போதாது. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ சொத்துப் பதிவேட்டில் அந்த இடம் பூங்காவாக இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி ஒரு மனு போதும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் அளவு வரைபடமும் கையில் இருக்கட்டும். மனைப்பிரிவுக்குள் இருக்கும் இடமாக இருந்தால், திறந்தவெளிக்காக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். மலையில் பக்கத்து நிலம் வனத்துறையுடையதாகவோ, வருவாய்த்துறை புறம்போக்காகவோ, தேயிலைத் தோட்டமாகவோ இருக்கும். எல்லைக்கல் எங்கே என்று தெரியாமல் வேலி போட்டால் பின்னால் வழக்குதான் மிஞ்சும்.

மழையில் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நான் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நாலு பேர் பூங்காவுக்குப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து உள்ளே வருகிறது? மேலே இருக்கும் ரோட்டிலிருந்தா, பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்தா, அல்லது மண்ணுக்குள்ளிருந்தே ஊற்றாகக் கசிகிறதா? எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது? போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு பொறியாளரிடம் பேசும்போது அந்த வீடியோ பத்துப் பக்க மனுவைவிட நன்றாகப் பேசும். மழை நின்று இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை போய், எந்த இடம் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மலை மழையைக் குறைவாக எடைபோடக் கூடாது. 2009 நவம்பர் 10 அன்று நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு ஊரின் மழைக்காலமும் வேறு என்பதையும் கவனியுங்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர்தான் கனமழை. வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. மே மாதம் சீசன் நெரிசலில் லாரி ஏறுவதும் ஆள் கிடைப்பதும் கஷ்டம், அந்த மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஆட்களைக் கேளுங்கள்

ஓபன் ஜிம் வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வார்கள், ஷட்டில் கோர்ட் என்பார்கள். அவர்கள் குரல் எப்போதும் முதலில் கேட்கும். தேயிலை பறித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும் அக்காவிடமும், மூட்டுவலியோடு இருக்கும் தாத்தாவிடமும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் அம்மாவிடமும் நீங்கள்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் கேட்பது மூன்று: கழிப்பறை, வெளிச்சம், தெருவிலிருந்து உள்ளே பார்த்தால் தெரிகிற மாதிரி இடம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவர்களும் தானாக வருவார்கள்.

கேட்டதை ஒரு தாளில் எழுதி, பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் நடக்கின்றன. ஊராட்சியாக இருந்தால் கிராம சபை. தீர்மானமாக ஏறிவிட்டால் கவுன்சிலர் மாறினாலும் அந்தக் கோரிக்கை கோப்பில் நிற்கும். தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணமும் எஸ்டிமேட்டும்

நகராட்சியின் பொது நிதி எப்போதும் இழுபறிதான். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம், எம்.பி. நிதியைக் கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். அந்த ஆண்டு அரசாணை என்ன சொல்கிறது என்பதை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீலகிரிக்கு 1975-76 முதல் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. மண் அரிப்புத் தடுப்பு, தடுப்புச்சுவர் மாதிரி வேலைகளை அதில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எஸ்டிமேட் போடும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வடிகால், தடுப்புச்சுவர், மண் வேலை மூன்றையும் தனித் தலைப்பில், பட்டியலின் தொடக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பணம் குறைந்தால் கடைசியில் இருப்பதைத்தான் வெட்டுவார்கள். வெட்டப்படுவது செயற்கை நீரூற்றாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அனுமதிகள்

மலையில் மண்ணைத் தொடுவது சாதாரண விஷயம் இல்லை. பொக்லைன், ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணறும் அப்படித்தான். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் அனுமதி தேவை, சாய்ந்து நிற்கும் ஆபத்தான மரமாக இருந்தாலும் மனு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கழிப்பறை, மழைக்குடில் கட்டடம் என்றால் அதற்குத் தனி அனுமதி. காட்டை ஒட்டிய இடமானால் வனத்துறையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். இந்தத் தாள்களெல்லாம் கைக்கு வர மாதங்கள் ஆகும். ஜனவரியில் வேலை தொடங்க வேண்டுமென்றால் மழைக்காலத்திலேயே மனுக்களைக் கொடுத்திருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வழி

பூங்காவின் மேல் எல்லையில், சரிவுக்குக் குறுக்காக ஒரு வடிகால் வெட்டுவதுதான் முதல் வேலை. மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே நுழையாமல் அதிலேயே திரும்பிப் பக்கவாட்டில் போய்விட வேண்டும். எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். கீழ் வீட்டுக்காரர் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டால் அவர் வீடு இறங்கும். நகராட்சிக் கால்வாயிலோ ஓடையிலோ முறையாக இணைக்க வேண்டும். செங்குத்தாக இறங்கும் இடங்களில் வடிகாலைப் படிக்கட்டு மாதிரிக் கட்டினால் தண்ணீரின் வேகம் உடையும்.

அடுத்தது தடுப்புச்சுவர். மலையில் சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீரும் சேர்ந்துதான். ஆகவே சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகவாவது வெளிப்பக்கம் சாய்ந்த குழாய்த் துளைகள் இருக்க வேண்டும். சுவருக்குப் பின்புறம் வெறும் மண்ணை நிரப்பாமல் உடைகல் போட வேண்டும், இல்லையென்றால் துளை சேற்றில் அடைத்துக்கொள்ளும். பூச்சு வேலை செய்யும்போது அழகுக்காகத் துளையை மூடிவிடும் மேஸ்திரிகள் உண்டு. அன்றைக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும் சுவரைப் பொறியாளர் வரைபடம் இல்லாமல் எழுப்பவே கூடாது. இடம் இருந்தால் கம்பிவலைக் கூடைக்குள் கல் அடுக்கும் சுவர் நல்லது, தண்ணீர் தானாக வழிந்துவிடும். சின்னச் சரிவுகளுக்கு வெட்டிவேர் நட்டாலே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே பெரிய மட்டமான மைதானமாக ஆக்கிவிட ஆசை வரும். அதற்காக மலையை ஆழமாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள். அந்தக் கொட்டிய மண்தான் முதல் பெருமழையில் இறங்கும். அதைவிட மூன்று நான்கு சின்னத் தட்டுகளாகப் பிரியுங்கள். மேல்தட்டில் பெரியவர்கள், நடுத்தட்டில் குழந்தைகள், கீழ்த்தட்டில் ஷட்டில். மலைக்காரர்கள் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிப்பதே இப்படித்தானே.

நடைபாதை

பேவர் பிளாக்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். வெயில் படும் இடத்தில் பரவாயில்லை, நிழலில் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். சொரசொரப்பான கல் பாவிய பாதையோ, துடைப்பத்தால் கோடு இழுத்த காங்கிரீட்டோ நம்பகமானது. அகலம் ஒன்றரை மீட்டர் இருந்தால் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கலாம். பாதையை மலைப்பக்க வடிகாலை நோக்கி லேசாகச் சாய்த்துப் போடுங்கள், ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவு போதும். பள்ளம் இருக்கும் பக்கம் முழுக்கக் கைப்பிடி வேண்டும்.

நுழைவாயிலிலிருந்து குறைந்தபட்சம் ஒரு தட்டுக்காவது சக்கர நாற்காலி போக வேண்டும். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சரிவுப்பாதைக்கான கணக்கு. மலையில் இது வளைந்து வளைந்து போகும், இடம் கேட்கும், செலவும் ஆகும். ஆனாலும் செய்யுங்கள். பெயருக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சறுக்கு போட்டுவிட்டு அதைச் சாய்தளம் என்று கணக்குக் காட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

குழந்தைகள் விளையாடும் இடம்

கருவிகளைப் பட்டியலிலிருந்து படம் பார்த்து வாங்குவது எளிது. அவற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது, சுற்றிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்கிறது. சறுக்கு மரம், ஏறும் வலை எதுவானாலும் சுற்றிலும் ஆறடி வெற்றிடம் விடுங்கள். ஊஞ்சல் இன்னும் அதிகம் கேட்கும்: மேல் கம்பி இரண்டு மீட்டர் உயரமென்றால் முன்னால் நான்கு மீட்டர், பின்னால் நான்கு மீட்டர். கம்பிகளுக்கு இடையே உள்ள சந்து, குழந்தையின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளாத அளவில் இருக்க வேண்டும். 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையான சந்துகள் ஆபத்தானவை, டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கீழே காங்கிரீட்டோ பேவர் பிளாக்கோ கூடவே கூடாது. ரப்பர் பாய் எங்கள் ஈரத்தில் பாசி பிடிக்கிறது, அடிக்கடி தேய்த்துக் கழுவ ஆள் இருந்தால் போடலாம். மணலைக் கீழேயிருந்து லாரியில் ஏற்ற வேண்டும், விலை அதிகம். என் கணக்கில் மலைக்குப் பொருத்தமானது மரச்சீவல். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்க வேண்டும். அடியில் ஜல்லியும் வடிகுழாயும் போட்டுவிடுங்கள், தண்ணீர் நின்றால் சீவல் மக்கிவிடும். எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பனிமூட்டமும் சாரலும் இரும்பைச் சும்மா விடாது. வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு வேண்டாம். துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய், துருப்பிடிக்காத போல்ட் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தனித்தனி மூலை ஒதுக்குங்கள், நடுவில் அம்மா, பாட்டிமார் உட்கார ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சிலிருந்து இரண்டு மூலையும் கண்ணில் பட வேண்டும்.

பெரியவர்களுக்கு

ஓபன் ஜிம் கருவிகள் பத்துப் பன்னிரண்டு வேண்டியதில்லை. காற்றில் நடப்பது, தோள்பட்டைச் சக்கரம், காலால் தள்ளுவது, இடுப்பைத் திருப்புவது என்று நாலைந்து போதும், மேலே ஒரு கூரை இருக்கட்டும். கூரை இல்லாத கருவிகளை வருடத்தில் பாதி நாள் தொட முடியாது. பெஞ்சுகளுக்குக் கைப்பிடியும் சாய்மானமும் அவசியம், முட்டிவலிக்காரர்கள் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். காலை வெயில் முதலில் விழும் இடத்தைப் பார்த்து பெஞ்சு போடுங்கள். டிசம்பர் குளிரில் அந்த இடத்துக்குத்தான் போட்டி.

கழிப்பறை, குடிநீர், விளக்கு

கழிப்பறை கட்டினால் தண்ணீர் இணைப்போடு கட்டுங்கள், இல்லையென்றால் கட்டாதீர்கள். மழைக்குடிலின் கூரைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்தால் கழுவுவதற்கும் செடிக்கும் உதவும். தொட்டிக்குக் கனமான மூடி கட்டாயம். பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை, காட்டெருமைகள் இரவில் தொட்டிக்குள் விழுந்துவிடும். செப்டிக் டேங்கை ஊற்றுக்கோ ஓடைக்கோ மேற்புறம் வைக்கக் கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் குடிநீர்க் குழாயோ வாட்டர் ஏ.டி.எம்.மோ பூங்காவில் அவசியம். விளக்குகள் தரையை நோக்கி இருக்கட்டும், காட்டுப்பக்கம் வெளிச்சம் அடிக்க வேண்டாம்.

செடியும் மரமும்

முதலில் எடுக்க வேண்டியவற்றை எடுங்கள். உண்ணிச்செடி, பார்த்தீனியம், மஞ்சளாகப் பூக்கும் வெளிநாட்டு முட்புதர்கள் எல்லாவற்றையும் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். விதை விழுந்துவிட்டால் பல வருடம் மண்ணில் காத்திருந்து முளைக்கும். பிடுங்கியதைக் காட்டோரம் கொட்டாதீர்கள். எக்காளம் மாதிரிப் பெரிய பூ தொங்கும் ஊமத்தை வகை மலை ரோட்டோரங்களில் அழகாக நிற்கும், ஆனால் இலை, பூ, விதை எல்லாமே விஷம். அதையும் அரளியையும் குழந்தைகள் பக்கம் வைக்கவே கூடாது.

சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் புதிதாக வேண்டாம். சீகைக்கு வேர் ஆழமில்லை, மழையும் காற்றும் சேர்ந்தால் சாயும். காட்டுச் செண்பகம், நாவல் இனங்கள் மாதிரி இந்த மலையின் சோலை மரங்களை நாற்றங்காலில் கேட்டு வாங்கி எல்லையோரமாக நடுங்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியவை. தவிட்டுப்பழச் செடி ஒன்றிரண்டு இருந்தால் பறவைகள் வரும், பிள்ளைகளும் நம் ஊர்ப் பழம் எதுவென்று தெரிந்துகொள்வார்கள். பேரி, பிளம்ஸ், கொய்யா போன்ற பழமரங்கள் வேண்டாம், அவை கரடியையும் குரங்கையும் கூப்பிட்டுக்கொண்டு வரும்.

பூச்செடிக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. ஜெரேனியம், ஹைட்ராஞ்சியா, பியூஷியா எல்லாம் நம் வீட்டு வாசல்களில் பழைய டப்பாவில் பூத்துக் குலுங்குகின்றன. வீட்டுக்கு ஒரு குச்சி கேளுங்கள். தன் வீட்டுக் குச்சி துளிர்த்ததா என்று பார்க்க அந்தம்மா வாரம் ஒருமுறை பூங்காவுக்கு வந்துவிடுவார்.

புல்தரைக்கு ஊட்டியில் கிக்குயு புல்தான் வழக்கம். வேகமாகப் பரவும், எல்லை கட்டி வைக்க வேண்டும். ஊட்டி மாதிரி உயரமான ஊர்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுந்து புல் கருகும். வெயில் ஏறும் முன்பே புல்லில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் கருகல் குறையும். மென்மையான செடிகளைத் தாவரவியல் பூங்காவில் செய்வது போல மிலார் செடி வைத்து மூடலாம். உறைபனி தாழ்வான இடத்தில்தான் தேங்கும், எனவே ரோஜா மாதிரிச் செடிகளை மேல்தட்டில் வையுங்கள்.

விலங்குகளோடு

காட்டெருமை வரும் ஊரில் முள்வேலி போட்டு அதை நிறுத்த நினைப்பது வீண். வேலியை மிதித்துக்கொண்டு போகும், அதற்கும் காயம், நமக்கும் செலவு. அது வழக்கமாக நடக்கும் தடத்தைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் வழியை விட்டுவிடுங்கள். பூங்கா நேரத்தை நன்றாக விடிந்த பிறகு திறந்து இருட்டுவதற்குள் மூடுவதாக வையுங்கள். காலையில் திறப்பவர் கேட்டில் நின்று ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை விட வேண்டும். குப்பைத்தொட்டிக்குக் குரங்கு திறக்க முடியாத மூடி வேண்டும், சாப்பாட்டு மிச்சம் இரவில் பூங்காவில் இருக்கவே கூடாது. புதர்களை இடுப்புயரத்துக்குமேல் வளரவிடாமல் வெட்டினால் சிறுத்தையோ கரடியோ மறைந்திருக்கும் பயமும் குறையும்.

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியைக் கட்டி முடித்த பிறகு கேட்டால் பதில் கிடைக்காது. எஸ்டிமேட் போடும்போதே தோட்டக்காரர் சம்பளம், கருவி பழுதுக்கான தொகை இரண்டுக்கும் வருடாந்திர ஒதுக்கீடு கேளுங்கள். அதோடு வார்டு மக்கள் ஏழெட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்கள். இது நடக்கிற காரியமா என்று சந்தேகம் வந்தால் கோத்தகிரி லாங்வுட் சோலையைப் பாருங்கள். ஊருக்குக் குடிநீர் தரும் 116 ஹெக்டேர் சோலைக்காடு அது. வனத்துறையோடு உள்ளூர் மக்களின் கண்காணிப்புக் குழுவும் சேர்ந்து காத்துவந்தது, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. ஒரு காட்டையே பார்த்துக்கொண்டவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

குழுவின் வேலை பெரிதல்ல. ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒருமுறை ஊஞ்சல் சங்கிலி, போல்ட், கைப்பிடி ஆகியவற்றை ஆட்டிப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். பழுதான கருவியைச் சரிசெய்யும்வரை கயிறு கட்டி மூடுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் வடிகாலில் சருகை அள்ளி, தடுப்புச்சுவர்த் துளைகளில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மரக்கிளைகளைப் பார்வையிடுங்கள். சுவரில் புது விரிசல், தரையில் புதுப் பிளவு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் பூங்காவைப் பூட்டிவிட்டு உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் குறைகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே குறைப்பட்டியலைப் படங்களோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேவைகளை ஜனவரியிலேயே கொடுத்துவிட வேண்டும், பட்ஜெட் தயாராவது அதற்குப் பிறகுதான்.